பெஞ்சையும் அது பார்க்கும் காட்சியையும் ஒரே படத்தில் பிடிப்பது எப்படி?

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் ஒரு பெஞ்சில் உட்காருகிறோம். எதிரே பள்ளத்தாக்கு, கீழே சமவெளி, முகத்தில் குளிர்காற்று. ஆஹா என்று போனை எடுத்து நாலு படம் தட்டுகிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றில் வெறும் மூட்டம், இன்னொன்றில் நட்டநடுவில் ஒரு பெஞ்சு, பின்னால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வானம். அங்கே உட்கார்ந்திருந்தபோது இருந்த எதுவும் படத்துக்குள் வரவில்லை. எனக்கும் பல வருடம் இப்படித்தான் போனது.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. பெஞ்சைக் காட்சியைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். காட்சி படத்தில் வர வேண்டுமென்றால் நமக்குக் கிடைப்பது பெஞ்சின் முதுகு. பெஞ்சின் முகம் வேண்டுமென்றால் காட்சி நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இந்த இழுபறியை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கீழே வரும் அத்தனையும். போனே போதும். கேமரா இருந்தால் நல்லது, ட்ரைபாட் இருட்டும் நேரத்துக்கு மட்டும் வேண்டும்.

முதலில் போய் உட்காருங்கள்

கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் பத்து நிமிஷம் உட்காருங்கள். கண் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். ஏரியின் நடுவில் ஒரு படகு, தூரத்தில் ஒரு கோபுரம், இரண்டு மலைக்கு நடுவே ஒரு இடுக்கு என்று ஏதாவது ஒன்றில்தான் நிற்கும். அதுதான் படத்தில் பெஞ்சுக்கு ஜோடி. அப்படி எதிலுமே நிற்கவில்லை என்றால் அந்தப் பெஞ்சை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், எதிரே சுற்றுச்சுவரைப் பார்த்துப் போட்ட பெஞ்சுகளும் நம் ஊரில் நிறைய உண்டு (அவை தனிச் சுவாரஸ்யம், ஆனால் அது வேறு படம்).

உட்கார்ந்தபடியே பெஞ்சையும் பாருங்கள். சிமென்ட் பெஞ்சா, கருங்கல் பலகையா, இரும்புச் சட்டத்தில் மரப்பட்டி அடித்ததா? சாய்மானம் அடைப்பா, இடைவெளி விட்டதா? இந்த ஒரு கேள்விக்கான பதில்தான் பிறகு கேமராவை எந்த உயரத்தில் வைப்பது என்று தீர்மானிக்கப் போகிறது.

எங்கே நிற்பது

மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றிலும் எடுங்கள், ஆனால் மூன்றும் ஒரே படம் என்று நினைக்காதீர்கள்.

பின்னால் நின்றால் பெஞ்சின் முதுகும் காட்சியும் சேர்ந்து கிடைக்கும். எல்லோரும் எடுப்பது இதுதான், சரியாக எடுத்தால் அழகாகவும் வரும். நேர் பின்னால், நட்டநடுவில் நின்றால் படம் விறைத்துப் போய்விடும். பெஞ்சும் காட்சியும் நிஜமாகவே சமச்சீராக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். மற்ற நேரத்தில் ஒரு முனைக்கு அருகே நகர்ந்து, சாய்மானத்தின் மேல்விளிம்பு ஒரு கோடாக ஓடி நீங்கள் பார்த்துவைத்த படகிலோ கோபுரத்திலோ போய் முடிகிற மாதிரி நில்லுங்கள். இரண்டு எட்டு இடம் வலம் நகர்ந்தால் போதும், அந்தக் கோடு வந்துவிடும்.

பக்கவாட்டில் நின்றால் பெஞ்சின் கால், இருக்கை, சாய்மானம் என்று முழு உருவம் தெரியும். பெஞ்சு படத்தின் ஒரு ஓரத்தில் இருக்கட்டும், அது பார்க்கும் பக்கம் காலியாக விடுங்கள். என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் சிறந்தது. ஆள் இல்லாத பெஞ்சும்கூட எதையோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தெரிவது இந்தக் கோணத்தில்தான், ஆனால் ஏனோ இதை யாரும் எடுப்பதில்லை.

முன்னால் நின்றால் பெஞ்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதுதான் காட்சி. பெசன்ட் நகர் கடற்கரையில் கடலைப் பார்க்கிற பெஞ்சை மணல் பக்கமிருந்து எடுத்தால் பின்னணியில் கடைகளும் வண்டிகளும் வரும், கடல் வராது. சிலசமயம் அதுதான் உண்மையான படம். கடல் முன்னால் இருக்கிறது என்பதைக் காற்றில் பறக்கும் துப்பட்டாவும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளும் சொல்லிவிடுவார்கள்.

கேமராவின் உயரம்

நான் இத்தனை வருடத்தில் கற்றதில் அதிகம் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

கடற்கரையில் தொடுவானம் எப்போதும் உங்கள் கேமரா இருக்கும் உயரத்தில்தான் தெரியும். நின்றபடி ஐந்தடி உயரத்தில் எடுத்தால், சமதரையில் ஐந்தடி உயரமுள்ள எதன் தலையையும் தொடுவானக் கோடு தொட்டுக்கொண்டு போகும். குத்தவைத்து உட்கார்ந்து இரண்டரை அடியில் எடுத்தால் இரண்டரை அடிப் பொருளின் தலையில் அந்தக் கோடு வந்து நிற்கும். இப்போது பெஞ்சுக்கு வாருங்கள். இருக்கை தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி, சாய்மானத்தின் உச்சி இரண்டரை முதல் மூன்று அடி. “கீழே குனிந்து எடுத்தால் நன்றாக வரும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பாதி குனிகிறோம் பாருங்கள், அந்தப் பாதிக் குனியல் சரியாகச் சாய்மானத்தின் உயரம். கடல் கோடும் சாய்மானத்தின் விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது பெஞ்சு எது கடல் என்று தெரியாத ஒரு பட்டை வந்து நிற்கும். என் பழைய புதுச்சேரிப் படங்களில் பாதிக்கு மேல் இப்படிக் கெட்டவைதான், ஏன் கெட்டன என்று வெகுநாள் புரியவே இல்லை.

எனவே ஒன்று ஏறுங்கள், இல்லை இறங்குங்கள். சாய்மானம் அடைப்பாக இருந்தால் ஏறுவதுதான் வழி. நெஞ்சு உயரத்துக்கு, நாலடிக்கு மேல் வைத்தால் சாய்மானத்துக்கு மேலே ஒரு பட்டை கடல், அதற்கு மேல் தொடுவானம், அப்புறம் வானம் என்று பிரிந்து நிற்கும். மரப்பட்டியோ கம்பியோ அடித்த பெஞ்சு என்றால் நன்றாக இறங்கலாம், இருக்கை மட்டத்துக்கே கேமராவைக் கொண்டுபோனால் பட்டிகளின் இடைவெளி வழியாகக் கடல் துண்டு துண்டாகத் தெரியும். போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தரைக்கு இன்னும் பக்கத்தில் வரும், முட்டியும் பிழைக்கும்.

மலையில் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே பார்க்க வேண்டியது தொடுவானத்தில் இல்லை, அதற்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. பெஞ்சின் பின்னால் குனிந்தீர்களானால் பள்ளத்தாக்கை முழுக்கச் சாய்மானம் மறைத்துவிடும், மிஞ்சுவது வானம் மட்டும். மேலே நான் சொன்ன சுண்ணாம்பு வானப் படம் பிறந்த கதை அதுதான். கோக்கர்ஸ் வாக் மாதிரி சரிவை ஒட்டிய பாதைகளில் கையை உயர்த்தித் தலைக்கு மேல் போனைப் பிடித்து, லேசாகக் கீழே சாய்த்து எடுங்கள். தடுப்புக் கம்பி குறுக்கே வந்தால் அதை மறைக்கப் பார்க்காமல் பெஞ்சுக்கு இணையான இன்னொரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தள்ளி, எந்த லென்ஸில்

பெஞ்சு அழகாக விழுகிறது, ஆனால் பின்னால் மலை கொழுக்கட்டை அளவுக்குச் சிறுத்துப் போகிறது. இந்தக் குறை எல்லோருக்கும் உண்டு. பழி அகலமான லென்ஸின் மேல் விழும், ஆனால் குற்றம் நீங்கள் நின்ற தூரத்தினுடையது. பெஞ்சிலிருந்து 2 மீட்டரில் நின்று போன் ஜூமை 1எக்ஸில் வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு பெஞ்சிலிருந்து 6 மீட்டர் தூரம் வரும்வரை பின்னால் போய் 3எக்ஸில் எடுங்கள். பெஞ்சு இரண்டிலும் ஒரே அளவு இருக்கும், மலை இரண்டாவதில் மூன்று மடங்கு பெரிதாக எழுந்து நிற்கும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது லென்ஸின் குவியத் தூரத்தில் 24 மி.மீ. எதிர் 70 மி.மீ. என்ற கணக்கு. மலை, கோபுரம், கலங்கரை விளக்கம் என்று தூரத்தில் ஒரு நாயகன் இருந்தால் பின்னால் போங்கள். மேகம், அலை, பரந்த புல்வெளி என்றால் கிட்டே போய் அகலமாக எடுங்கள்.

0.5எக்ஸ் லென்ஸை மட்டும் யோசித்துத் தொடுங்கள். ஓரத்தில் வைத்த பெஞ்சை இழுத்து நாலு பேர் பெஞ்சை எட்டு பேர் பெஞ்சாக்கிவிடும். இன்னொன்று, வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் 3எக்ஸ் லென்ஸை விட்டுவிட்டு முக்கிய லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும், நமக்குச் சொல்லாது. படம் மொழுக்கென்று வந்தால் அதுதான் சங்கதி.

ஃபோகஸ்: போனில் பெஞ்சின் மீது தொட்டால் போதும், இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் 1எக்ஸில் எல்லாமே ஏறக்குறையத் தெளிவாக வந்துவிடும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 24 மி.மீ., லென்ஸ் திறப்பு எஃப்/11 வைத்து சுமார் 1.8 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டருக்குச் சற்று முன்பிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். 70 மி.மீ. பக்கம் போனால் இந்தச் சலுகை கிடையாது, பெஞ்சா மலையா என்று முடிவெடுங்கள். நான் பெஞ்சைத் தெளிவாக வைத்து மலையைக் கொஞ்சம் கரையவிடுவேன். இரண்டும் வேண்டுமென்றால் அசையாமல் இரண்டு படம் எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டும்.

வெளிச்சம்

சென்னை, புதுச்சேரிக் கடற்கரைகள் கிழக்கு பார்த்தவை. பெஞ்சின் பின்னால் நின்று விடியலை எடுத்தால் பெஞ்சு கறுப்பு உருவமாகத்தான் வரும், அதை வேண்டுமென்றே செய்யுங்கள். போனில் வானத்தைத் தொட்டு அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பெஞ்சின் உருவம் வெட்டினாற்போல் விழும். சாயங்காலம் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும்போது பெஞ்சின் முதுகில் வெளிச்சம் விழும், கடல் மென்மையான நீலமாக இருக்கும், விவரம் தெரிகிற படம் வேண்டியவர்கள் அப்போது வாருங்கள். விடிகாலையில் ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராகக் கடற்கரைக்கு வந்து கேமராவை எடுத்தால் லென்ஸ் மேல் ஆவி படிந்துவிடும், கால் மணி நேரம் துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படியும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

கொடைக்கானலில் காலை சீக்கிரம் போங்கள், மதியத்துக்கு மேல் கீழிருந்து மேகம் ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிடுவது வழக்கம். ஆனால் மூட்டத்தைப் பார்த்துத் திரும்பி வராதீர்கள். மூட்டத்தில் பெஞ்சு தனித்து நிற்கும், பின்னணிக் குப்பை எல்லாம் மறைந்துவிடும். வெண்மையைப் பார்த்து கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பல் நிறமாக்கும், எனவே எக்ஸ்போஷரை 0.7 அல்லது 1 கூட்டுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னும் மேகம் முன்னேயும் இருந்தால், அபூர்வமாக உங்கள் நிழலே மேகத்தில் விழுந்து தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். கோக்கர்ஸ் வாக்கில் அதைப் பார்த்தவர்கள் உண்டு, ப்ரோக்கன் ஸ்பெக்டர் என்பார்கள். தெரிந்தால் பெஞ்சை மறந்துவிட்டு அதை எடுங்கள்.

மதியம் 12 மணி பெஞ்சுக்கு ஆகாது என்பார்கள், பெரும்பாலும் சரிதான். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு நாளும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதையொட்டிய நாட்களில் பட்டி அடித்த பெஞ்சின் நிழல் அப்படியே அதன் அடியில் கோடுபோட்ட பாய் மாதிரி விரியும். தரையோடு தரையாகக் கேமராவை வைத்து அதை எடுக்கலாம். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

மழை நின்ற பத்து நிமிஷத்தை மட்டும் தவறவிடாதீர்கள். கருங்கல் பலகை கண்ணாடியாகி வானத்தைப் பிடித்துக் காட்டும். இருக்கைக்கு ஒரு சாண் மேலே கேமராவைக் கொண்டுபோங்கள். போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அது நீங்கள் தேடி வந்த பிரதிபலிப்பையே அழித்துவிடும்.

உட்கார்ந்திருப்பவர்கள்

ஒருமுறை ஒரு பூங்காவில் தூரத்துப் பெஞ்சில் ஒரு ஜோடி, எதிரே குளம், பொன்வெயில். முகம் தெரியாது என்ற தைரியத்தில் எடுத்துவிட்டேன். பையன் எழுந்து வந்தான். கோபமில்லை, பயம். “அண்ணா, எங்களையும் சேர்த்து எடுத்தீங்களா? டெலிட் பண்ணிடுங்கண்ணா, வீட்ல தெரியாது” என்றான். அவன் கண்முன்னே அழித்தேன், அழித்த படங்கள் போய்ச் சேருகிற பெட்டியையும் திறந்து காலி செய்து காட்டினேன். முதுகு மட்டும் தெரிந்தாலும் சட்டையும் பையும் வண்டியும் போதும், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்றிலிருந்து ஜோடிகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுப் பக்கம் லென்ஸைத் திருப்புவதில்லை. குழந்தைகளையும் அம்மா அப்பாவிடம் கேட்காமல் எடுப்பதில்லை.

பெரியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், உடனே சட்டையைச் சரிசெய்து கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாகிவிடுவார்கள். அந்தப் படத்தை முதலில் எடுத்து அவரிடம் காட்டுங்கள், அது அவருக்கு. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “தினமும் இங்கேதான் வருவீங்களாய்யா?” என்று ஆரம்பியுங்கள். பேச்சு நடுவில் அவர் மறுபடி காட்சியைப் பார்க்கத் திரும்புவார். உங்கள் படம் அப்போதுதான் வரும்.

ஆள் இல்லாத பெஞ்சு வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டியதுதான். எழுந்து போன உடனே எடுங்கள், மடித்துவைத்த செய்தித்தாளோ கடலைத் தோலோ இருந்தால் தட்டிவிடாதீர்கள்.

கிட்டே போய்ப் பார்க்க வேண்டியவை

நம் ஊர்ச் சிமென்ட் பெஞ்சுகளில் சாய்மானத்தில் “உபயம்” என்று போட்டு யாராவது ஒருவர் பெயர் இருக்கும், சிலவற்றில் இறந்துபோன அப்பா அம்மா நினைவாக என்றும் இருக்கும். நேர் வெளிச்சத்தில் அந்த எழுத்து தட்டையாகக் கிடக்கும். காலை 7 மணிக்கோ மாலை 5 மணிக்கோ வெயில் பலகையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் ஒவ்வொரு எழுத்தின் குழியிலும் நிழல் தங்கி எழுந்து நிற்கும். ஆனால் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். ஓரத்தில் கொஞ்சம் காட்சி மங்கலாகவாவது தெரியட்டும்.

இதே முறை சுமைதாங்கிக் கல்லுக்கும் ஒத்துவரும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள், பார்க்க உயரமான பெஞ்சு மாதிரி இருக்கும். தலைச்சுமையோடு நடப்பவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கிவைக்க அந்த உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைக்கும் வழக்கம் இருந்தது. பழைய சாலையோரங்களில் இன்னும் சில நிற்கின்றன, தார்ச்சாலை உயர உயரப் பாதி புதைந்தும் கிடக்கின்றன. அப்படிப் புதைந்ததை எடுக்கும்போது சாலையையும் சேர்த்தே எடுங்கள், எவ்வளவு புதைந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இருட்டும் நேரம்

ஏற்காடு லேடிஸ் சீட்டில் பாறையே இருக்கை, கீழே மலைப்பாதையின் வளைவுகளும் சேலத்து விளக்குகளும். எல்லோரும் நன்றாக இருட்டியபிறகு எடுப்பார்கள், கறுப்புத் துணியில் மிளகாய்ப் பொடி தூவியதுபோல் வரும். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே எடுக்க வேண்டும். நம் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் அந்த நேரம் சூரியன் மறைந்தபின் 20, 25 நிமிஷம்தான். ட்ரைபாடை முன்பே நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்/8 வைத்து ஷட்டரை 4 விநாடியில் ஆரம்பியுங்கள், இருட்ட இருட்ட 15 வரை நீட்டுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமரில் விடுங்கள். இருக்கை கறுத்துப் போனால், ஷட்டர் திறந்திருக்கும்போது போன் டார்ச்சைக் கைக்குட்டையால் மூடிப் பக்கவாட்டிலிருந்து ஒரு விநாடி தடவினாற்போல் காட்டுங்கள். முன்னாலிருந்து அடித்தால் போலீஸ் டார்ச் அடித்த மாதிரி இருக்கும். விளிம்புக்குப் போக வேண்டாம், இருட்டில் பாறை வழுக்கும்.

வீட்டுக்கு வந்தபின்

தொடுவானத்தை முதலில் நேராக்குங்கள், கடல் சாய்ந்திருந்தால் பெஞ்சு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. பிரகாசமான பகுதியைக் கொஞ்சம் இறக்கி, நிழலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். விடியலில் கறுப்பு உருவமாக எடுத்த பெஞ்சில் நிழலை ஏற்றாதீர்கள், அழுக்குச் சாம்பலாகிவிடும். வேறெதுவும் பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம் போனில் ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். சூரியன் ஒரே இடத்தில் உதிப்பதில்லை, சென்னையில் ஜூன் மாதம் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளியும் டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் எழும்பும். ஒரு பெஞ்சுக்கு நேராகச் சூரியன் வருவது வருடத்தில் சில நாட்கள்தான். என் குறிப்பில் இப்போது இருப்பது இப்படி: “வடக்கிலிருந்து நாலாவது பெஞ்சு, மரப்பட்டி, ஒன்று உடைந்தது. ஜனவரியில் சூரியன் விளக்குக் கம்பத்துக்கு வலப்பக்கம் ரொம்பத் தள்ளி. மார்ச் 20 வாக்கில் திரும்ப வரவும், 6 மணிக்கு முன்னால்.”